முதற்பலனும் முழுக்கூலியும்

சம்பள நாளை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையகத்தின் பல பிரசங்க பீடங்களிலிருந்து ஒரே பொருள் ஒலிப்பதை நாம் கேட்டு வருகிறோம். வருமானத்தில் முதற்பங்கு கடவுளுக்கு உரியது; கடைக்கடனையும் அரிசிச் செலவையும் கழித்த பின் எஞ்சுவதைக் கொடுப்பது காணிக்கை ஆகாது; பத்திலொன்றை எடுத்து வைத்த பிறகே வீட்டுச் செலவைத் தொட வேண்டும் என்பதே அப்பொருள். லிந்துலைப் பகுதியில் லயத்துக்கு லயம் கைமாறும் துண்டுப் பிரசுரங்களும் இதையே சொல்கின்றன. கொடுத்தவன் கடன் தீர்ந்தது, கொடாதவன் வீட்டில் நோய் புகுந்தது என்னும் சாட்சிக் கதைகளும் அவற்றில் உண்டு.

நம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தி, கொழுந்து பறிக்கும் தாயின் மகள், அத்தகைய பிரசுரம் ஒன்றைக் கொணர்ந்து காட்டினாள். "கொழுந்து கம்பெனிக்குத்தானே சேர் சொந்தம்? அப்ப எங்களுக்கு மொதப்பலன்னா எது?" என்று கேட்டாள். இலக்கணப் பாடம் நடந்துகொண்டிருந்த வேளை அது. நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. பிரசுரம் எழுதிய பெரியவருக்கும் இவ்வினா தோன்றியதாகத் தெரியவில்லை. இக்கட்டுரை அச்சிறுமியின் வினாவுக்கு விடை தேடும் முயற்சியே.

சமயப் போதனையைத் தமிழாசிரியர் திறனாயலாமா என்று சிலர் வினவக்கூடும். விவிலியம் தமிழ் உரைநடையின் வரலாற்றோடு பிணைந்த நூல். தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புப் பணிக்குத் துணைநின்றார். சைவத்துக்காக வாழ்நாள் முழுதும் போராடிய நாவலரே தொட்ட நூலை நாம் தொடுவதில் பிழையில்லை. ஒரு செய்யுளை முன்னும் பின்னும் நோக்காது பிய்த்தெடுத்துப் பொருள் கொள்ளலாகாது என்று மாணாக்கருக்கு நாள்தோறும் சொல்லி வருகிறோம். அந்த எளிய விதியையே இங்கும் கைக்கொள்வோம்.

முதலில் சொற்களைப் பிரித்தறிவோம். முதற்பலன் என்பது வேறு, தசமபாகம் என்பது வேறு. மேடையில் இரண்டும் ஒன்றாகக் குழைக்கப்படுகின்றன. முதற்பலன் என்பது நிலத்தில் முதலில் முற்றிய கதிர், மரத்தில் முதலில் கனிந்த பழம். உபாகமம் அதற்கு அளவு எதையும் விதிக்கவில்லை. ஒரு கூடையில் வைத்துக் கொணர்க என்கிறது. தசமபாகம் என்பது அளவு குறித்த பங்கு. கத்தோலிக்கரின் இக்கால மொழிபெயர்ப்பு அதனைப் பத்திலொரு பங்கு என்று நல்ல தமிழில் தருகிறது. முதலாவதன் உயிர் நன்றியுணர்ச்சி. இரண்டாவதன் உயிர் பங்கீடு. இரண்டையும் ஒட்டி, முதற் பத்து வீதம் என்று ஒரு புதிய விதி செய்தால் நன்றியும் மறைகிறது, பங்கீடும் மறைகிறது. வசூல் ஒன்றே மிஞ்சுகிறது.

உபாகமத்தின் இருபத்தாறாம் அதிகாரம் முதற்பலன் சடங்கை விவரிக்கிறது. இலக்கிய நோக்கில் அது பழைய ஏற்பாட்டின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. உழவன் கூடையோடு வருகிறான். ஆசாரியன் அதனை வாங்கிப் பீடத்தின் முன் வைக்கிறான். அதன் பின்னர்ப் பேசுபவன் ஆசாரியனல்லன், உழவனே. தன் முன்னோன் நாடோடியாய் அலைந்ததையும், சிறு கூட்டமாய் எகிப்துக்குச் சென்று தங்கியதையும், அங்கே கொடுமைப்படுத்தப்பட்டுக் கடும்வேலை சுமத்தப்பட்டதையும், தாங்கள் இட்ட கூக்குரல் கேட்கப்பட்டதையும், விடுதலையாகி வந்து இந்த நிலத்தைப் பெற்றதையும் அவன் தன் வாயால் சொல்கிறான். பிறகே, ஆகையால் இந்நிலத்தின் முதற்கனியைக் கொண்டு வந்தேன் என்று முடிக்கிறான். அடுத்த வரியில் விருந்து. அவனும் அவன் வீட்டாரும் லேவியனும் அந்நியனும் ஒன்றாக மகிழவேண்டும் என்பது கட்டளை.

இந்த உரையின் கட்டுக்கோப்பைக் கவனிக்க வேண்டும். அடிமைத்தனம், கூக்குரல், விடுதலை, நிலம், கூடை என்ற வரிசையில் கூடை கடைசியில் வருகிறது. விடுதலையும் நிலமும் கிடைத்தவன் கையில்தான் அக்கூடைக்குப் பொருள் உண்டு. எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த நாளில் அவனிடம் எவரும் முதற்பலன் கேட்கவில்லை. அவன் தந்ததெல்லாம் கூக்குரல். கடவுள் ஏற்றதும் அதனையே. நூலின் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, நிலமற்றவனிடம் முதலில் கூடையைக் கேட்பது நூலுக்கே செய்யும் அநீதியாகும்.

இவ்வுரையைப் படிக்கும்போது மலையகத் தமிழன் தன் பாட்டனின் கதையையே படிப்பதாக உணர்வான். பஞ்சத்தால் ஊரை விட்டுச் சிறு சிறு கூட்டங்களாய்க் கடல் கடந்தவர்கள் நம் முன்னோர். கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். தலவாக்கலையை அடுத்த மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் கங்காணியின் கொடுமையும் ஊரை நினைத்த ஏக்கமும் பதிவாகியுள்ளன. அலைந்தது, ஒடுக்கப்பட்டது, கூவியது ஆகிய மூன்றும் அங்கே உண்டு. நிலத்தைப் பெற்றேன் என்னும் கடைசி அடி மாத்திரம் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையையும் பறித்தது. அவ்வாறு நாடற்றோராக்கப்பட்டவர்களில் எஞ்சியிருந்தோருக்கு அதனை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. இத்தனை கைமாற்றங்களிலும் உழைப்பவனின் கை மண்ணைத் தொட்டதேயன்றி மண்ணைப் பெறவில்லை.

இனித் தசமபாகத்துக்கு வருவோம். ஐந்தாகமங்கள் அதனைச் சட்டமாக விதிக்கும் இடங்களில் தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடுமாடு போன்றவையே பேசப்படுகின்றன. பிறர் நிலத்தில் நாட்கூலிக்கு உழைப்பவன் தன் கூலியில் பத்திலொன்று செலுத்தவேண்டும் என்ற விதி அங்கே இல்லை. லேவியராகமத்தின்படி கோலின் கீழ் பத்தாவதாகக் கடந்து செல்லும் உயிரே கடவுளுக்கு உரியது. ஒன்பது ஆடு உடையவனிடம் பத்தாவது ஆடு ஏது? உபாகமம் பதினான்காம் அதிகாரமோ மேடைகளில் கேட்கவே படாத செய்தி ஒன்றைச் சொல்கிறது. ஆண்டுதோறும் எடுக்கும் பத்திலொன்றைக் கொடுப்பவனே தன் குடும்பத்தோடு கடவுளின் சந்நிதியில் உண்டு மகிழவேண்டும். தூரம் அதிகமாயின் அதனைப் பணமாக்கிச் சென்று அங்கே விரும்பியதை வாங்கி உண்ணலாம். மூன்றாம் ஆண்டுப் பங்கு ஊரிலேயே வைக்கப்பட்டு, நிலமில்லாத லேவியனும் அந்நியனும் அநாதையும் விதவையும் வயிறார உண்பதற்கு உரியது. எங்கள் லயத்து மக்களை இச்சட்டத்தின் முன் நிறுத்தினால், அவர்கள் கொடுப்போர் வரிசையில் நிற்பார்களா, பெறுவோர் வரிசையில் நிற்பார்களா? நேர்மையாக வாசிப்பவர் இதற்கு விடை சொல்லத் தயங்கமாட்டார்.

முதற்பலன் சடங்குக்கு இரண்டே அதிகாரங்கள் முன்னதாக அந்நூலில் கூலியாளைப் பற்றிய சட்டம் நிற்கிறது. ஏழையான கூலியாளுக்குப் பொழுது சாயுமுன் அன்றைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். அவன் அதன்மேல் உயிரை வைத்திருக்கிறான். கொடாவிடில் அவனது முறைப்பாடு கடவுளிடம் சென்று உன்மேல் பாவமாகும் என்பது அதன் சாரம். ஆக, உபாகமத்தின் வரிசையில் முதலில் கூலி, பின்னரே கூடை.

பிரசுரங்கள் பெரிதும் நம்பியிருப்பது மல்கியா தீர்க்கதரிசியை. மூன்றாம் அதிகாரத்தில், தசமபாகத்தைக் கொடாதவர் கடவுளை வஞ்சிக்கிறார் என்றும், கொடுத்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்றும் வரும் பகுதியை அறியாத கிறிஸ்தவர் இலர். அது எட்டாம் வசனத்தில் தொடங்குகிறது. அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனம் வரை நாம் பின்னோக்கிச் செல்வோமாயின், கடவுள் நியாயந்தீர்க்க வரும்போது யாருக்கு விரோதமாய்ச் சாட்சி சொல்வார் என்னும் பட்டியலைக் காண்போம். சூனியக்காரர், பொய்யாணை இடுவோர் ஆகியோருடன், கூலிக்காரனின் கூலியைக் குறைத்து ஒடுக்குவோரும் அங்கே நிறுத்தப்படுகின்றனர். மூன்றே வசன இடைவெளி! கூலி வஞ்சனையைச் சொன்ன அதே வாய்தான் காணிக்கை வஞ்சனையையும் சொல்கிறது. எட்டாம் வசனம் அச்சேறி லயத்துக்கு வருகிறது. ஐந்தாம் வசனம் எந்தத் துரை பங்களாவுக்கும் அச்சேறிச் சென்றதாக நாம் அறியோம். இத்தகைய தேர்வுக்கு வர்க்கச் சார்பு என்பதன்றி வேறு பெயர் இல்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் மறைக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். சாறிபாத் ஊர் விதவையின் கதையே அது. பஞ்ச காலத்தில் அவளிடம் எஞ்சியிருந்தது ஒரு பிடி மாவும் சிறிது எண்ணெயும். அதனைச் சமைத்து மகனோடு உண்டு சாகவிருந்தவளிடம் எலியா, முதலில் எனக்கு ஓர் அடை செய்து கொடு என்கிறான். அவள் கொடுக்கிறாள், பானை மாவு குறையவில்லை. ஏழையும் முதலில் கொடுக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பர். ஆனால் கேட்பவன் யார்? ஆகாப் மன்னனுக்கு அஞ்சி ஒளிந்து, ஓடை வற்றியதால் அயல்நாட்டுக்கு வந்து நிற்கும் பசித்த மனிதன். பசித்தவள் பசித்தவனோடு பகிர்ந்த கதை அது. முடிவில் அவளும் அவள் வீட்டாரும் பல நாள் உண்டார்கள் என்றே நூல் கூறுகிறது. கேட்டவன் வாகனத்தில் ஏறிச் சென்றதாகக் கூறவில்லை.

இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதையும் இவ்வாறே. மாற்கு எழுதியதில் அக்கதைக்குச் சற்று முன்னே, நீண்ட செபம் செய்துகொண்டு விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். கதை முடிந்தவுடன், ஆலயம் கல்லின்மேல் கல் இராமல் இடியும் என்கிறார். விழுங்குவோருக்கும் இடிபாட்டுக்கும் நடுவே நிற்கும் அவ்விதவையை அவர் போற்றுகிறார் என்பது உண்மை. அவளை அந்நிலைக்குக் கொணர்ந்த அமைப்பைப் போற்றவில்லை என்பதும் உண்மை. பின்னதை விட்டு முன்னதை மட்டும் சொல்வது பாதி வாசிப்பே.

நூலிலிருந்து தோட்டத்துக்கு இறங்குவோம். தோட்டத் தொழிலாளியின் வருமானத்தில் முதற்பங்கை எடுப்போர் வரிசை என்றுமே நீண்டது. கங்காணி தலைக்காசு எடுத்தான். வரும்போதே தலையில் ஏறிய கடன், துண்டு முறையால் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு அவனைத் தொடர்ந்தது. துண்டு 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. முதலில் பிடித்துக்கொள்ளும் பழக்கம் ஒழியவில்லை. பறித்த கொழுந்தை நிறுக்கும்போதே ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் சில கிலோ கழிகிறது. நிறை குறைந்தால் அரைப்பேர். சம்பளத் துண்டில் திருவிழா முற்பணம், சங்கச் சந்தா, இன்ன பிற கழிவுகள். நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாவாக்கப் பல ஆண்டுகள் போராட நேர்ந்தது. 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. அதில் பத்திலொன்று 135 ரூபா. அந்நாள் விலையில் அரைக்கிலோவுக்குச் சற்று மேற்பட்ட அரிசி. இக்கணக்கைப் போடாமல் பத்து வீதம் என்று சொல்வது எளிது.

தோட்டங்களில் சுவிசேஷப் பணி தொடங்கிய வகையையும் நினைவுகூர வேண்டும். 1854இல் தோட்டத்துரைமாரின் பண உதவியோடு எழுந்த சங்கத்துக்குத் தமிழ்க் கூலி மிஷன் என்றே பெயர். கூலி என்பது நம் மொழியில் உழைப்புக்குரிய ஊதியம். அவர்கள் வழக்கில் அது ஒரு மனிதக் கூட்டத்தின் பெயராயிற்று. துரைமார் கொடுத்த அக்காணிக்கை எதிலிருந்து வந்தது? கோப்பிக் காட்டில் நம்மவர் உழைப்பிலிருந்து வந்தது. தொழிலாளி அன்றே தன் பங்கைச் செலுத்திவிட்டான். பற்றுச்சீட்டு மட்டும் வேறொருவர் பெயரில் எழுதப்பட்டது.

ஏழைகள் கொடுக்கவே கூடாது என்பது நம் கட்சியா? அன்று. நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வே. ச. அசரியா, தோர்ணக்கல் பகுதியின் வறிய ஒடுக்கப்பட்ட மக்களிடையே பணிபுரிந்தார். அவர்களும் கொடுக்கவேண்டும் என்று வற்புறுத்தியதோடு, கிறிஸ்தவக் கொடை பற்றி நூலும் எழுதினார். வெள்ளையர் பணத்தில் நிற்கும் சபை வெள்ளையருக்கே கட்டுப்பட்டிருக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். உலை வைக்கும் பெண் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. அதனை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். பிடியின் அளவைக் கொடுப்பவளின் கையே தீர்மானிக்கிறது. நாளைக்கு உலையில்லாவிடில் அவளைத் திருடி என்று எவரும் தூற்றுவதில்லை. பவுலும் கொரிந்தியருக்கு எழுதுகையில், ஒருவனிடம் உள்ளதன்படியே கொடை ஏற்கப்படும், இல்லாததன்படி அன்று என்கிறார். நோக்கம் சமநிலையே என்று வெளிப்படையாகச் சொல்கிறார். அந்தப் பணம் எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்க்கப்பட்டது என்பதையும் மறக்கலாகாது.

இது கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. மலையக மக்களுள் பெரும்பான்மையோர் இந்துக்கள். தோட்டக் கோயில் திருவிழாவுக்கும் இதே வீடுகளில்தான் பணம் எடுக்கப்படுகிறது. இல்வாழ்வான் பேணவேண்டிய ஐந்தை வள்ளுவர் எண்ணும்போது முன்னோரையும் தெய்வத்தையும் முன்வைத்து, விருந்தையும் சுற்றத்தையும் சொல்லித் தன்னைக் கடைசியில் வைத்தார். பரிமேலழகர் அங்கே ஒரு கணக்குக் காட்டுகிறார். இந்த ஐந்துக்கும் ஐந்து கூறு வேண்டுமாதலால் அரசனுக்குரியது ஆறில் ஒன்றாயிற்று என்பது அவர் உரை. குடியானவன் கையில் ஐந்து கூறு நிற்கவேண்டும் என்ற பொருளியல் அவ்வுரைக்குள் இருக்கிறது. ஐந்து கூறையும் வேறெவரோ எடுத்துக்கொண்டு ஒரு கூறை விட்டுவைத்த இடத்தில், அந்த ஒன்றிலிருந்து தெய்வத்தின் பங்கைக் கேட்பது வள்ளுவத்துக்கும் ஏற்காது.

இந்த நூலையே படித்துத் தன் வாழ்வை மாற்றிக்கொண்ட ஒருவரின் வரலாறு நமக்கு வழிகாட்டும். 1514இல் கூபாத் தீவில், பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்னும் ஸ்பானியக் குருவானவர் பெந்தெகொஸ்தே நாட் பிரசங்கத்துக்காக ஏடு புரட்டிக்கொண்டிருந்தார். அவரும் நிலமும், அடிமைகளாய் உழைக்கும் பூர்வகுடிகளும் பெற்றிருந்தவரே. கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சீராக் ஆகமத்தின் முப்பத்து நான்காம் அதிகாரம் அவர் கண்ணில் பட்டது. அநீதியாய்ச் சேர்த்ததிலிருந்து படைப்பது மாசுள்ள பலி. ஏழைகளின் உடைமையை எடுத்துப் பலியிடுவது தந்தையின் கண்முன் மகனைக் கொல்வதற்கு ஒப்பு. கூலியாளின் கூலியைப் பறிப்பவன் இரத்தம் சிந்துபவன் என்று அங்கே உள்ளது. அவர் நாட்கணக்கில் சிந்தித்தார். தம் வசமிருந்த மக்களை விடுவித்தார். பிரசங்க பீடத்தில் ஏறித் தம் வர்க்கத்தாருக்கு எதிராகவே பேசினார். பிற்காலத்தில் ஆபிரிக்க அடிமைகளைக் கொணரலாம் என்று பிழையாகச் சொல்லி, அதற்காக வருந்தியவரும் அவரே. குறையுள்ள மனிதர்தாம். எனினும் அந்த ஏட்டை அவர் முழுதாக வாசித்தார். வாசித்தபின் தாம் பேசவேண்டியது கொடுப்போரிடம் அன்று, எடுப்போரிடம் என்பதைக் கண்டுகொண்டார்.

அவ்வழியில் நடந்தோர் நம் நாட்டிலும் உண்டு. 1972இல் கண்டியில் சத்தியோதயத்தை நிறுவிய போல் காஸ்பர்ஸ் அடிகளார் தோட்ட மக்களின் உரிமைக்காக நின்றார். திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1977இல் வெளியிட்ட நூலில், வாரந்தோறும் அப்பம் பிட்கும் சமூகம் அநீதியைத் தொடாமலே இருப்பது எங்ஙனம் என்று வினவினார். ஆதலின் பிரசங்க பீடம் இவ்வாறுதான் பேசவேண்டும் என்ற விதியில்லை. வேறு விதமாகவும் பேசலாம், பேசியிருக்கிறார்கள்.

இப்போது அம்மாணவிக்கு நாம் விடை கூறலாம். பிள்ளாய், உன் தாயின் முதுகில் தொங்கும் கூடை நிறுவையில் கொட்டப்படும்போதே முதற்பலன் போய்விடுகிறது. அது கடவுளிடம் போகவில்லை. உன் நூலே சொல்கிறபடி, கடவுள் அவள் பக்கம் நின்று முதலில் கேட்பது அவளது முழுக்கூலியை. கூலி குறையாமல் கைக்கு வரட்டும். குடியிருக்கும் மண்ணுக்கு உறுதி கிடைக்கட்டும். உன் வீட்டு வாசலில் உங்களுக்கென்று ஒரு செடி காய்க்கட்டும். அன்றைக்கு முதற்காயைக் கூடையிலிட்டு, நாங்கள் அலைந்தோம், ஒடுக்கப்பட்டோம், கூவினோம், பெற்றோம் என்று உன் வாயால் நீயே சொல். பக்கத்து லயத்தாரையும் விருந்துக்கு அழை. அதுவரை, பிடியரிசி எடுத்து வைக்க உன் தாய் விரும்பினால் வைக்கட்டும். பத்திலொன்று வைக்காதவள் திருடி என்று எவரேனும் சொன்னால், அந்த அதிகாரத்தை ஐந்தாம் வசனத்திலிருந்து வாசிக்கும்படி மரியாதையாகக் கேட்டுக்கொள்.